தகரக் கட்டரில் துரு: வெளியே பெயிண்ட் அடிக்கும் முன் உள்ளே பாருங்கள்

ஓட்டு வீட்டிலோ ஷீட் போட்ட மாடியிலோ, கூரை விளிம்பில் மழைநீரைப் பிடிக்கத் தொங்கும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்புத் தகரம்) கட்டரின் அடியில் காவிக் கோடு இறங்கியிருக்கிறதா? அந்தத் துரு அங்கே ஆரம்பித்தது கிடையாது. உள்ளே தண்ணீர் நிற்கும் இடத்தில் ஆரம்பித்து, துத்தநாகப் பூச்சைத் தீர்த்து, இரும்பையும் அரித்து, கடைசியில்தான் வெளியே தலைகாட்டும். கீழே நின்றால் தெரிகிற பக்கத்துக்கு மட்டும் சில்வர் பெயிண்ட் அடித்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வேலை ஒரு மழைக்காலம் தாண்டுவதே அபூர்வம். ஏணி போட்டு ஏறி உள்ளே பார்க்காமல் எதையும் முடிவு செய்ய முடியாது.

ஏணியைக் கட்டரின் மேல் சாய்க்காதீர்கள். வழுக்கும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஏணி அழுத்திய இடத்தில் தகரம் குழிந்து, அந்தக் குழியில் தண்ணீர் தங்கி, அடுத்த துரு அங்கேதான் பிடிக்கும். சுவரில் சாய்த்து, நாலடி உயரத்துக்கு ஓரடி வீதம் அடியை வெளியே தள்ளி வையுங்கள். கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். கூரை ஓரமாக மின்கம்பி வருகிற வீடுகளில் அலுமினிய ஏணியே வேண்டாம். வெட்டிய தகர விளிம்பு பிளேடு மாதிரி அறுக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

துத்தநாகம் எத்தனை நாள் தாங்கும்

ஜி.ஐ. ஷீட்டில் 120, 275 என்று சொல்லும் ஜி.எஸ்.எம். கணக்கு, ஒரு சதுர மீட்டர் தகட்டில் இருபக்கமும் சேர்த்து எத்தனை கிராம் துத்தநாகம் இருக்கிறது என்பது. 120 என்றால் பக்கத்துக்குச் சுமார் 8 மைக்ரான் கனம் (ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ.). 275 என்றால் சுமார் 19 மைக்ரான். துத்தநாகம் கரையும் வேகத்தை ஐ.எஸ்.ஓ. 9223 தரநிலை இடவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறது. தூசியும் புகையும் குறைந்த உள்நாட்டில் ஆண்டுக்கு 0.7 மைக்ரானுக்குள். நடுத்தர நகரக் காற்றில் 0.7 முதல் 2 வரை. உப்புக்காற்று அடிக்கும் ஊரில் 2 முதல் 4 வரை. கடலை ஒட்டிய கடுமையான இடத்தில் 4 முதல் 8 வரை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ கடலோரத் தெருவில் 120 ஜி.எஸ்.எம். கட்டர் மாட்டினால், இரண்டு மூன்று வருஷத்தில் துத்தநாகம் தீர்ந்துபோவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அதே தகரம் தர்மபுரிப் பக்கம் பத்து வருஷம் தாண்டியும் இருக்கலாம். இதுவும் நனைந்து காய்கிற தகட்டுக்கான கணக்குதான். இலைச்சேற்றுக்கு அடியில் மாதக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும் தகட்டுக்கு இது பொருந்தாது, அங்கே அரிப்பு இன்னும் வேகம். அதனால்தான் ஒரே கட்டரில் பாதி புதிதுபோல் இருக்க, மீதி சல்லடை ஆகியிருக்கும்.

எந்த இடத்தில், எதனால்

துரு எங்கே இருக்கிறது என்பதை வைத்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். நடுவில் ஒரு நீளத்துக்கு மட்டும் இருந்தால், வாட்டம் (தண்ணீர் ஓடுவதற்கான சரிவு) தப்பியிருக்கிறது. இரண்டு தகரம் ஏறிச் சேரும் மூட்டில் என்றால், இடுக்கில் போன தண்ணீர் காயவில்லை. கட்டரைத் தாங்கும் கிளாம்ப் தொடுகிற இடங்களில் மட்டும் என்றால், கறுப்பு இரும்புப் பட்டையில் பெயிண்ட் இல்லாமல் கிளாம்ப் செய்து மாட்டியிருக்கிறார்கள். ஈரம் இருக்கும்வரை அந்த இரும்பைக் காப்பாற்றுவதற்காகக் கட்டரின் துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டே இருக்கும்.

கோடையிலும் ஈரமாக இருக்கும் கட்டர் என்றால் மேலே பாருங்கள். தண்ணீர்த் தொட்டி தினம் நிரம்பி வழிகிறதா? போர் தண்ணீரில் உப்பு அதிகமென்றால் கடற்கரை இல்லாத ஊரிலும் கடற்கரைத் துருதான். ஏ.சி. தண்ணீர் சொட்டுகிறதா? செம்புக் குழாயின் மேல் வழிந்து வரும் சொட்டில் கரைந்திருக்கும் துளிச் செம்பு துத்தநாகத்தின் மேல் படிந்து, படிந்த இடத்தில் எல்லாம் அரிப்பைக் கிளப்பும். இடிதாங்கியின் செம்புப் பட்டையில் வழிந்து வரும் மழைநீரும் அப்படித்தான். சொட்டுகிற தண்ணீரை பி.வி.சி. குழாயில் பிடித்துத் தனியே இறக்கிவிடுங்கள். அதைச் செய்யாமல் அடிக்கிற பெயிண்ட் வீண்.

சுவர் ஓரமாகக் கட்டரைச் சிமெண்ட் வைத்துப் பூசிவிடுவது கொத்தனார்களின் வழக்கம். ஈரச் சிமெண்டின் காரம் துத்தநாகத்தைக் கரைக்கும். காய்ந்த பிறகு வெயிலில் தகரம் நீளும்போது பூச்சு விரிசல் விட்டு, அந்த விரிசலில் தண்ணீர் தங்கும். பூச்சைத் தட்டி எடுத்துவிட்டு சீலண்ட் (இடுக்கை அடைக்கும் பசை) வைப்பதே சரி.

யாரும் சந்தேகப்படாத காரணம் ஒன்று உண்டு. பழைய ஜி.ஐ. கூரையைக் கழற்றிவிட்டுக் கலர் ஷீட் போடுகிறவர்கள், நன்றாகத்தானே இருக்கிறது என்று பழைய ஜி.ஐ. கட்டரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதுவரை கூரையில் ஓடி வந்த மழைநீர் வழியிலேயே கொஞ்சம் துத்தநாகத்தைக் கரைத்துக்கொண்டுதான் கட்டருக்கு வந்தது. கலர் ஷீட்டிலோ பாலிகார்பனேட்டிலோ கண்ணாடிப் பூச்சு ஓட்டிலோ கரைய எதுவும் இல்லை. சுத்தமான மழைநீர் நேராகக் கட்டரில் சொட்டி, அங்கே இருக்கும் துத்தநாகத்தைக் கரைக்க ஆரம்பிக்கும். ஷீட்டின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் நேர் கீழே வரிசையாகக் காவிப் பொட்டுகள் தெரிந்தால் காரணம் இதுதான். கூரையை மாற்றும்போது கட்டரின் உள்பக்கத்துக்கும் பெயிண்ட் அடித்துவிடுங்கள், அல்லது கட்டரையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

சரிசெய்வதா, மாற்றுவதா

முதலில் எல்லாக் குப்பையையும் அள்ளுங்கள். வேப்பிலைச் சருகும் தென்னம்பூவும் மக்கிய கறுப்புச் சேற்றைக் கையாலோ பிளாஸ்டிக் துண்டாலோ எடுப்பது நல்லது; கொத்துக் கரண்டி வைத்துச் சுரண்டினால் மிச்சமிருக்கும் துத்தநாகமும் போய்விடும். பிறகு நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்புப் போர் தண்ணீரில் கழுவினால், காய்ந்த உப்பின் மேல்தான் பெயிண்ட் அடிப்பீர்கள். அந்த உப்பு பெயிண்டுக்கு அடியில் ஈரத்தை இழுத்துக் கொப்புளம் விட வைக்கும்.

காய்ந்ததும் துருப்பிடித்த இடங்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் ஓரளவு பலமாக அழுத்திப் பாருங்கள். டங்கென்று எதிர்த்து நின்றால் உள்ளே இரும்பு இருக்கிறது. மெத்தென்று அமுங்கினாலோ முனை உள்ளே போனாலோ அங்கே தகரம் இல்லை, துரு மட்டும்தான். பொட்டு ஓட்டைகளைக் கண்டுபிடிக்க, இருட்டிய பிறகு ஒருவர் மேலிருந்து கட்டருக்குள் டார்ச் அடிக்க, இன்னொருவர் கீழே நின்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளலாம். ஓட்டைகள் ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் என்றால் ஒட்டுப் போடலாம். அடித்தகட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அமுங்கினால் சீலண்ட், டேப், பெயிண்ட் எல்லாம் வாங்கிக் கொட்டாதீர்கள். அந்தக் காசுக்குப் பாதிக் கட்டர் வந்துவிடும்.

வெள்ளைப் பொடி மட்டும் படிந்திருந்தால் பயம் வேண்டாம். துத்தநாகம் ஈரத்தில் பூத்தது அது, இரும்பு இன்னும் தொடப்படவில்லை. நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் காய வைத்தால் போதும்.

பெயிண்டைத் தொடும் முன் வாட்டத்தைச் சரிபாருங்கள். உயர்ந்த முனையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, பத்து நிமிஷம் விட்டுப் பாருங்கள். நாணயக் கனத்துக்கு மேல் எங்காவது நின்றால் அங்கே தூக்க வேண்டும். மீட்டருக்கு 5 மி.மீ. இறக்கம் வைத்தால் கண்ணுக்குக் கோணலாகத் தெரியாது, தண்ணீரும் நிற்காது. 6 மீட்டர் கட்டருக்கு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 3 செ.மீ. டியூப் லெவலில் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) இரண்டு முனைகளையும் குறித்து நூல் கட்டி, ஒவ்வொரு கிளாம்பாக நூலுக்குக் கொண்டுவாருங்கள். கிளாம்ப்கள் இரண்டடிக்கு ஒன்று இருக்க வேண்டும். நாலடிக்கு ஒன்று என்று மாட்டிய கட்டர் எத்தனை முறை வாட்டம் பார்த்தாலும் நடுவில் தொய்ந்துகொண்டேதான் இருக்கும். கழற்றிய கிளாம்ப்களைச் சுத்தம் செய்து பிரைமரும் எனாமலும் அடித்து, தகரம் தொடும் இடத்தில் பியூட்டைல் டேப் (ரப்பர் பசை நாடா) ஒரு துண்டு ஒட்டி மாட்டுங்கள்.

துருவை எடுப்பது

பங்குனி, சித்திரை மாதங்கள் இதற்குத் தோது. ஆனால் உச்சி வெயிலில் கை வைக்க முடியாத தகரத்தில் பெயிண்ட் மேலே தோலாகக் காய்ந்து உள்ளே கொப்புளம் விடும். காலையில் பனி ஈரம் போனதும் ஆரம்பித்து பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள்.

செதிலாக நிற்கும் துருவைப் பட்டித் தகட்டால் பெயர்த்து, வயர் பிரஷ் போட்டு, 80 ஆம் நம்பர் எமரித் தாளில் ஆரம்பித்து 120இல் முடியுங்கள். காவிப் பொட்டையும் சுற்றி ஒரு விரல் அகலத்தையும் தாண்டித் தேய்க்காதீர்கள். கிரைண்டரில் கப் பிரஷ் மாட்டிக் கட்டர் முழுக்க ஓட்டுகிறவர்கள் உண்டு. பளபளவென்று ஆவதைப் பார்த்தால் மனசுக்கு நிறைவாகத்தான் இருக்கும். அந்தப் பளபளப்பு துத்தநாகம் போன இரும்பு. துருவில்லாத சாம்பல் நிறப் பகுதிகளைப் பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்க்ரப்பரால் பளபளப்பு மங்கும் அளவுக்குத் தேய்த்தால் போதும்.

கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றித் துருவை எடுப்பது படுமோசமான குறுக்குவழி. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவைக் கரைப்பதைவிட வேகமாகத் துத்தநாகத்தைக் கரைக்கும். மூட்டு இடுக்கில் தங்கும் குளோரைடு, கழுவினாலும் முழுக்கப் போகாமல் புதுத் துருவுக்கு வித்தாகும். பிரஷ் போகாத இடுக்குகளுக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் நல்லது. அதில் இருக்கும் டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ மிச்சத் துருவைக் கறுப்புப் படலமாக மாற்றும். துரு இருக்கும் இடத்தில்தான் அது வேலை செய்யும். பளபளத்த இரும்பிலும் துத்தநாகத்திலும் தடவினால் பிசுபிசுவென்று நிற்கும். செதில் துருவின் மேல் தடவினால் மேல்தோல் மட்டும் கறுத்து, பிறகு செதிலோடு சேர்ந்து உதிரும். மெல்லிய இரண்டு கை தடவி ஒரு நாள் விடுங்கள்.

பெயிண்ட்

ஜி.ஐ. தகரத்தில் எனாமலை நேராக அடித்தால் ஓரிரு வருஷத்தில் பெயிண்ட் பாளம் பாளமாக உரியும். கடைக்காரர் கலப்படம் செய்துவிட்டார் என்று திட்ட வேண்டாம். எனாமலில் உள்ள எண்ணெய்ப் பிசின் ஈரத்தில் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்பாக மாறி, பிடிமானத்தை விட்டுவிடுகிறது. உரிந்த தோலைத் திருப்பிப் பாருங்கள். உள்பக்கம் சுத்தமாக, கீழே தகரம் துருவில்லாமல் சாம்பலாக இருந்தால் இந்தச் சோப்பு விவகாரம்தான். உள்பக்கத்தில் காவிப்பொடி ஒட்டியிருந்தால் துரு அடியிலிருந்து தூக்கியிருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு: முதலாவதற்குப் பழைய எனாமலைச் சுத்தமாக எடுத்துவிட்டுச் சரியான பிரைமர் அடிக்க வேண்டும், இரண்டாவதற்குத் துருவை முதலில் தீர்க்க வேண்டும்.

ஜி.ஐ.க்கு எட்ச் பிரைமர் என்று கேட்டு வாங்குங்கள், அல்லது இரண்டு டப்பா கலந்து அடிக்கும் எபாக்ஸி ஜிங்க் பாஸ்பேட் பிரைமர். பாதி துத்தநாகம், பாதி வெறும் இரும்பு என்று நிற்கும் பழைய கட்டருக்கு எபாக்ஸியே மேல், இரண்டிலும் பிடிக்கும். ஜிங்க் ரிச் பிரைமர் பெயருக்குக் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் அதற்கு வெள்ளையாகத் தேய்த்த இரும்பு வேண்டும், துருக்கறையின் மேல் அடித்தால் பயனில்லை. எல்லாக் கடையிலும் முதலில் கை நீட்டும் ரெட் ஆக்சைடு ஜிங்க் குரோமேட், கிரில் கேட்டுக்குச் சரி. கட்டரின் உள்பக்கத்துக்கு வேண்டாம். குரோமேட் நச்சு. தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் பல வீடுகளில் கட்டர் தண்ணீர் நேராகச் சம்புக்குத்தான் போகிறது. அப்படிப் போகும் கட்டருக்குத் தார் பெயிண்டும் கூடாது. குடிநீர்த் தொட்டிக்கு ஏற்றது என்று டப்பாவில் போட்டிருக்கும் எபாக்ஸி வகையைக் கேளுங்கள். தண்ணீர் கசிவுக்குழிக்கோ தோட்டத்துக்கோ போகிறது என்றால் உள்ளே பிட்டுமன் அலுமினியம் பெயிண்ட் இரண்டு கை அடிக்கலாம். வெறும் கறுப்புத் தார் வெயிலில் வெடித்துவிடும்.

அளவு: 6 மீட்டர் நீளம், தகரத்தை விரித்தால் 45 செ.மீ. அகலம் என்றால் உள்பக்கம் 2.7 சதுர மீட்டர், இருபக்கமும் சேர்த்து 5.4. பிரைமர் ஒரு கைக்கு அரை லிட்டரும், மேல் பெயிண்ட் இரண்டு கைக்கு ஒரு லிட்டரும் சேதாரம் உட்படப் போதும். கனமாக ஒரு கை அடிப்பதைவிட மெல்லியதாக இரண்டு. வெட்டிய விளிம்பு, மூட்டு, ரிவிட் தலை இவற்றுக்கு முதலில் சின்ன பிரஷ்ஷால் ஒரு கை தனியாகக் கொடுத்துவிட்டுப் பிறகு முழுக்க அடியுங்கள். கூர்மையான விளிம்பில் பெயிண்ட் எப்போதும் மெல்லியதாகத்தான் நிற்கும்.

ஓட்டைகள்

மிளகு அளவுக்குள் இருந்தால் சீலண்ட் போதும். சிலிகான் வாங்கும்போது நியூட்ரல் வகையா என்று பாருங்கள். பிழிந்ததும் வினிகர் வாடை அடிக்கிற வகை காயும்போது வெளிவிடும் அமிலம் துத்தநாகத்தை அரித்து, தானும் கழன்று வரும். சிலிகானின் மேல் பெயிண்ட் ஒட்டாது, எனவே பெயிண்ட் முடித்த பிறகுதான் சிலிகான். பாலியூரிதேன் சீலண்ட் என்றால் அந்தத் தொல்லை இல்லை.

எம்-சீல் வைக்காதீர்கள். 6 மீட்டர் தகரம் காலைக் குளிர்ச்சிக்கும் மத்தியான வெயிலுக்கும் இடையே 40 டிகிரி மாறினால் கிட்டத்தட்ட 3 மி.மீ. நீளும். கல்லாக இறுகும் எபாக்ஸி பட்டி அந்த இழுப்புக்கு வளையாமல் ஓரத்தில் விடும். தண்ணீர் அதற்கு அடியில் போய்க் காயாமல் நிற்கும். மழை நேர அவசரத்துக்கு அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் டேப் எவ்வளவோ மேல். ஆனால் துணியால் துடைத்துக் காய்ந்த தகரத்தில்தான் பிடிக்கும். ஒட்டியதும் கரண்டிக் காம்பால் அழுத்தி ஓரங்களைத் தேய்த்துவிட வேண்டும்.

பெரிய ஓட்டைக்குத் தகர ஒட்டு. ஓட்டையைத் தாண்டி எல்லாப் பக்கமும் 5 செ.மீ. இருக்கும்படி ஜி.ஐ. துண்டை வெட்டி, கட்டரின் வளைவுக்குத் தட்டி, மூலைகளை உருட்டிவிடுங்கள். இரண்டு பக்கமும் பிரைமர். பாலியூரிதேன் சீலண்டைச் சுற்றிலும் இரண்டு கோடாகப் பிழிந்து, உள்பக்கத்திலிருந்து வைத்து, 4 செ.மீ.க்கு ஒரு ரிவிட். முழுத் துண்டையே மாற்றினால், மேட்டுப் பக்கத் தகரம் மேலேயும் பள்ளப் பக்கத் தகரம் கீழேயும் வரும்படி ஏற்றுங்கள். மாற்றி ஏற்றினால் ஓடுகிற தண்ணீர் நேராக இடுக்குக்குள் நுழையும்.

கடையில் கிடைக்கும் சாதாரண பாப் ரிவிட்டின் உடம்பு அலுமினியம், உள்ளே உடைந்து தங்கும் ஆணியோ பெரும்பாலும் இரும்பு. ஒரே மழைக்காலத்தில் ஒவ்வொரு ரிவிட்டின் நடுவிலிருந்தும் காவிக் கண்ணீர் வடிவது அந்த ஆணியால்தான். நடுத்துளை வழியாகத் தண்ணீரும் கசியும். ஆணியும் அலுமினியமாக இருக்கும் மூடிய ரிவிட் கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஒவ்வொரு தலையிலும் ஒரு பொட்டு சீலண்ட். பித்தளை, செம்பு எதுவும் வேண்டாம்.

ஈயப் பற்று வைக்கத் தெரிந்த தகரக்காரர் இன்னும் உங்கள் ஊரில் இருந்தால், அவர் வைக்கும் பற்று எந்த சீலண்டையும்விட நீடிக்கும். பற்றுக்குப் பயன்படுத்திய ஆசிட் நீரைச் சோடா மாவு கரைத்த தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். கழுவாமல் விட்ட பற்றின் ஓரத்தில்தான் அடுத்த துரு வரும். வெல்டிங்காரரிடம் கொண்டுபோக வேண்டாம். மெல்லிய தகரம் ஓட்டையாகும், துத்தநாகப் புகையில் அவருக்கும் காய்ச்சல் வரும்.

புதிதாக மாட்டுவதென்றால்

கேஜ் எண்ணை நம்பாதீர்கள், ஒரே எண்ணுக்குக் கடைக்குக் கடை கனம் மாறும். வெர்னியர் வைத்து 0.5 மி.மீ. இருக்கிறதா என்று பாருங்கள். ஜி.ஐ. என்றால் 275 ஜி.எஸ்.எம். கேளுங்கள். கடலோரத்துக்கு பூச்சில் 55 சதவீத அலுமினியம் கலந்த கால்வலூம் தகட்டின் மேல் கலர் பூசிய ஷீட் நல்லது, ஆனால் அதற்கும் ஈரச் சிமெண்டும் செம்பும் ஆகாது. பி.வி.சி. கட்டருக்குத் துருக் கவலையே இல்லை. தகரத்தைவிட ஐந்து மடங்குக்கு மேல் நீளும் என்பதால் 6 மீட்டருக்கு ஒரு செ.மீ. இடைவெளி விட்டு, நீளும்போது வழுக்கும்படி கிளாம்ப் போட வேண்டும். குரங்கு நடமாட்டம் உள்ள ஊரில் யோசித்து வாங்குங்கள், குரங்கின் எடையைத் தாங்காது.

வருஷத்துக்கு இரண்டு முறை, புரட்டாசிக் கடைசியிலும் தை பிறந்ததும், குப்பையை அள்ளி நல்ல தண்ணீர் ஊற்றிவிடுங்கள். நின்ற தண்ணீரில் துருவோடு டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவும் வளரும். இலை விழும் வீடுகளில் வலை போடுவதானால் பிளாஸ்டிக் வலை. கம்பி வலை துருப்பிடித்து, அந்தத் துருப்பொடி விழுந்த இடத்தில் எல்லாம் ஈரத்தைப் பிடித்து வைக்கும். வலை போட்டாலும் டவுன் பைப் வாயை மட்டும் மாதம் ஒருமுறை கைவிட்டுப் பாருங்கள். முதலில் அடைப்பது அதுதான்.